காரணம் எழுதாத சீட்டு

எங்கள் ஊர் மனிதர் ஒருவர் சாகலாம் என்று முடிவு கட்டிவிட்டு, ஏன் என்று கேட்டதும் ஃபைலை மூடிய கமிட்டித் தலைவரே... நீங்கள் ஒரு பயந்தாங்கொள்ளி.

கோபமாகத்தான் ஆரம்பிக்கிறேன். ஆனால் இந்த வாரம் மாதிரி ஒரு சந்தோஷ வாரம் எனக்கு வாய்த்ததில்லை. திங்கட்கிழமை தந்திக்காரர் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். தந்தியைக் கொடுக்காமல் நெளிந்தார்.

"சார், தப்பா வந்துருக்குதோ என்னமோ... 'மூத்திரம் நிறைய வருது, அஞ்சலை'ன்னு இருக்குது."

தெருவிலேயே குதித்தேன். மனுஷன் பயந்துபோய் சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

விஷயம் இதுதான். என் பக்கத்து வீட்டு ராமலிங்கம் பீங்கான் கம்பெனியில் சூளை அடுக்குபவர். இரண்டு கிட்னியும் போய்விட்டது. பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டும் அவருடைய அண்ணன், "என்னுதுல ஒண்ணை எடுத்துக்கடா. டிராக்டர் ஓட்ட ஒண்ணு போதும்" என்றார். ரத்தமும் பொருந்தியது. பிறகென்ன?

கமிட்டி!

ஆபரேஷன் வரை ரத்தத்தைச் சுத்தம் செய்து உயிரைப் பிடித்து வைக்க, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு மெஷின். அதில் யாரைப் படுக்க வைப்பது என்று ஐந்து டாக்டர்கள் கூடி முடிவு செய்வார்கள். போன மாதம் துணைக்கு நானும் போயிருந்தேன். ராமலிங்கத்தின் கைக்கு ஒரு சீட்டு வந்தது. அதில் ஒரே வார்த்தை — 'பொருத்தமற்றவர்'.

"வா புள்ள, போவலாம்" என்று எழுந்துவிட்டார் ராமலிங்கம்.

"நீ செத்த சும்மா இருய்யா" என்ற அவர் மனைவி அஞ்சலை, நேரே கமிட்டி அறைக்குள் போய்விட்டார். பின்னாலேயே நான்.

"என்னா கொறைங்க இவருக்கு?"

"அதெல்லாம் ரகசியம்மா. கமிட்டி முடிவு" என்றார் தலைவர். ஃபைல் மூடிக்கொண்டது.

அதே கம்பெனியில் அஞ்சலைக்கு என்ன வேலை தெரியுமா? சூளையிலிருந்து வரும் கப்புகளைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிப்பது. விட்டுவிடுவாரா?

"நான் ஒரு கப்பைத் தள்ளி வெச்சாலே அடியில பென்சில்ல எழுதணும் சார். விரிசலா, கோணலா, புள்ளியான்னு. எழுதலன்னா மேஸ்திரி கத்துவாரு. எம் புருசன் ஒரு கப்பவிட மட்டமா?"

கமிட்டியிலிருந்த ஒரு லேடி டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபைலை இழுத்துச் சத்தமாகவே படித்தார். 'ஒற்றை அறைக் கூரை வீடு. தண்ணீர்க் குழாய் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு சுத்தமாக இருக்க வழியில்லை.'

"இவ்ளோதானா! மொதல்லயே சொல்றதுக்கு என்னாங்க? பத்து நாளு இவரை அந்த மெஷின்ல போட்டு வைங்க. வூட்டைக் கட்டிட்டு வரேன்."

லேடி டாக்டர் எப்படியோ அந்தப் பத்து நாளை வாங்கிக் கொடுத்தார். இங்கே கம்பெனி ஆட்கள் ஷிப்ட் முடிந்ததும் மண்வெட்டியோடு வந்து, கூரை வீட்டை ஒட்டித் தனி அறை ஒன்றை எழுப்பினார்கள். விற்காமல் கழித்துப் போட்ட டைல்ஸையெல்லாம் சுமந்து வந்தார்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டாது. வெள்ளையிலேயே ஏழு வெள்ளை! மங்கலம்பேட்டையிலிருந்து குழாய் போட வந்த பாய் சுவரைப் பார்த்துவிட்டு, "என்னாங்க, சுவத்துக்கு வெண்குஷ்டமா?" என்றார். திட்டிக்கொண்டே குழாயை மாட்டினார். தண்ணீர் வந்ததும் அவருக்குத்தான் முதல் விசில்.

குழாயடியில் அஞ்சலை முறைத்துக்கொண்டு நிற்கும் போட்டோ கமிட்டிக்குப் போனது. சம்மதித்தார்கள். அண்ணனின் கிட்னி தம்பிக்குள் போய், தந்தியில் வந்தபடி வேலையை ஆரம்பித்துவிட்டது. கம்பெனி வாசலில் ஜிலேபி கொடுத்தோம். மூத்திரத்துக்கு ஜிலேபி கொடுத்த ஊர் வேறு எங்காவது உண்டா?

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அன்று அதே வராண்டாவில், அதே ஒற்றை வார்த்தைச் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, பேசாமல் பஸ் ஏறப் போனவர்களையும் பார்த்தேன். மெஷின் ஒன்றுதான், எல்லாருக்கும் கிடைக்காது — அது எனக்கும் புரியும். ஆனால் அவர்களில் எத்தனை பேருக்கு ஒரு குழாய் மட்டும்தான் குறை?

தலைவரே, இதே பத்திரிகையில், உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள்.