ஒத்திவச்சாச்சு மச்சான்

என் வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல 'அப்புறம்'னு ஒரு பட்டப்பேரு உண்டு. நான் வச்சதில்ல. ஆனா நான் வச்சிருந்தாலும் இதைத்தான் வச்சிருப்பேன். குழாய் சொட்டுது, ஆளக் கூப்பிடுங்கன்னா "அப்புறம்"பார். பல்லு வலியில கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பார், டாக்டர்கிட்டப் போங்கன்னா அதுக்கும் "அப்புறம்". மனுஷன் வாயில 'முடியாது'ங்கிற வார்த்தை வரவே வராது. யாரு முகமும் சுருங்கக் கூடாது அவருக்கு. வாசல்ல பினாயில் விக்க வர்ற பொம்பளைகிட்ட "அப்புறம் வாங்கம்மா"ன்னு சொல்லுவார். அவ நிஜமாவே அப்புறம் வந்து நிப்பா. நான்தான் வாங்கித் தொலைப்பேன்.

வேலை நகர்மன்றத்துல, கூட்டப் பிரிவு கிளார்க். மாசத்துக்கு ஒரு தடவ உறுப்பினர்கள் கூடுவாங்க. யாரு முன்மொழிஞ்சாங்க, யாரு வழிமொழிஞ்சாங்க, என்ன முடிவாச்சுன்னு இவர் எழுதணும். அந்த வேலைக்கு இவரை விட்டா ஆள் கிடையாது, அதை மட்டும் நான் ஒத்துக்குவேன். அங்க ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்து "நீ திருடன்யா"ன்னு மேஜையைத் தட்டுவார். இவர் எழுதுறது, 'உறுப்பினர் தமது மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார்.' மறுநாள் ரெண்டு பேருமே அதைப் படிச்சுட்டு சந்தோஷமா கையெழுத்துப் போடுவாங்க.

இன்னொண்ணும் உண்டு. ஆமான்னாலும் வம்பு, இல்லைன்னாலும் வம்புன்னு சில விஷயம் வரும். அப்ப மன்றத் தலைவியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழட்டி முந்தானையில துடைக்க ஆரம்பிப்பாங்க. யாரும் பேச மாட்டாங்க. கண்ணாடியில அப்படி ஒண்ணும் அழுக்கு இருக்காது. அது இவருக்குச் சொல்ற ஜாடை. உடனே இவர் எழுதிருவார், 'விரிவான பரிசீலனைக்காக அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது.' அவ்வளவுதான். யாருக்கும் கோபம் இல்ல, யாரு தலையும் உருளல.

அப்படி ஒத்திவச்சு ஒத்திவச்சுத்தான் என் அண்ணன் பொழச்சுக்கிட்டிருந்தான்.

அண்ணன் பூட்டு சாவி ரிப்பேர் பண்றவன். கடைத்தெரு முனையில, சாக்கடை மேல போட்ட சிமெண்டு பலகை மேல ஒரு தகரப் பெட்டிக் கடை. உள்ள ஒரு ஆள் உக்காரலாம், அரம் தேய்க்கலாம், சாவிக் கொத்து தொங்கவிடலாம். ஊர்ல அவன் கை படாத பூட்டு இல்ல. தலைவியம்மா வீட்டு இரும்பு பீரோகூட அவன் திறந்து கொடுத்ததுதான். ஆனா நியாயத்தையும் சொல்லணும். கடை இருக்கிறதால அந்தப் பலகையைத் தூக்கிச் சாக்கடையைத் தூர்வார முடியாது. நல்ல மழை பெஞ்சா பின் தெரு வீடுகளுக்குள்ள தண்ணி போயிடும். அவங்க மனு போடுவாங்க. இன்ஜினியர் 'கடையை அகற்றலாம்'னு பரிந்துரை எழுதி மன்றத்துல வைப்பார். தலைவியம்மா கண்ணாடியைத் துடைப்பாங்க.

கூட்டம் முடிஞ்சதும் இவர் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஸ்கூட்டரை அண்ணன் கடை முன்னாடி நிறுத்துவார். இறங்கக்கூட மாட்டார். "ஒத்திவச்சாச்சு மச்சான்"பார். அண்ணன் "அப்பாடா"ன்னு அரத்தைக் கீழ வச்சுட்டு, எதிர்க்கடைக்கு ரெண்டு டீ சொல்லுவான். குடிச்சுட்டு வந்து என்கிட்ட, "உங்க அண்ணனுக்கு இன்னும் கொஞ்ச நாள் கவலை இல்ல"ன்னு என்னமோ ராஜ்யத்தை ஜெயிச்சுக் கொடுத்த மாதிரி சொல்லுவார். எனக்கு இவர் மேல இருக்கிற கோபமெல்லாம் அன்னிக்கு ஒருநாள் காணாமப் போயிடும்.

அப்புறம்தான் சிஸ்டம் வந்தது. மன்றக் கூட்டத்தையே கம்ப்யூட்டர்ல நடத்துறதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர். மன்றத்துச் சுவத்துல கதவளவுக்கு ஒரு டிவி, உறுப்பினருக்கு ஆளுக்கொரு டேப்லெட். இனி பேனா கிடையாது. கூட்டத்துல வைக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் மூணு பட்டன், ஏற்பு, மறுப்பு, ஒத்திவைப்பு. சொல்லிக்கொடுக்க கம்பெனியிலேர்ந்து ஒரு பொண்ணு வந்தா. நல்ல பொண்ணு, பொறுமைசாலி. கடைசியாத்தான் அவ அந்த விஷயத்தைச் சொல்லியிருக்கா.

"ஒரு பொருளை ரெண்டு தடவைதான் சார் ஒத்திவைக்க முடியும். மூணாவது தடவ அந்த பட்டன் வேலை செய்யாது."

"அப்ப என்னம்மா பண்றது?"

"ஏற்கணும், இல்ல மறுக்கணும். ஒண்ணுமே பண்ணாம கூட்டத்தை முடிச்சா அதிகாரியோட பரிந்துரையை மன்றம் ஏத்துக்கிட்டதா எடுத்துக்கும். ஒத்திவைக்கிறதெல்லாம் ஒரு முடிவே இல்லையே சார்."

"எங்களுக்கு அதுதாம்மா முடிவு, இத்தனை வருஷமா"ன்னாராம் இவர். அவ சிரிச்சாளாம். இவர் ஜோக்கடிக்கல.

சிஸ்டத்துல அண்ணன் கடைப் பொருளை முதல் தடவ ஒத்திவச்சாங்க, இவரும் அண்ணனும் டீ குடிச்சாங்க. ரெண்டாவது தடவயும் ஒத்திவச்சாங்க. அன்னிக்கு டீயைப் பாதியிலேயே வச்சுட்டு வந்துட்டேன்னு சொன்னார். "அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொன்னீங்களா?"ன்னு கேட்டேன். "அப்புறம்"ன்னார். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம், கையிலிருந்த கரண்டியை வீசிட்டேன். நானே போய் அண்ணன்கிட்ட சொன்னேன். அவன் அசரல. "மாப்ள இருக்கார்ல, பாத்துக்குவார் விடு"ன்னுட்டான்.

மூணாவது கூட்டத்துக்கு நானும் அண்ணனும் போய்ப் பார்வையாளர் பெஞ்சுல உக்காந்தோம். அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கிட்டு வந்திருந்தான். டிவியில பெருசா எழுத்து வந்தது, 'கால்வாய் மேலுள்ள சாவிக் கடையை அகற்றுதல்'. கீழ ரெண்டு பட்டன் பளிச்சுனு இருந்தது. மூணாவது சாம்பலா செத்துக் கிடந்தது.

தலைவியம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. பழக்கதோஷம். இவர் டிவியைக் கையால காட்டினார். அவங்க கண்ணாடியை மாட்டிக்கிட்டு, "அவர் கடைய எடுக்கணும்னு யாருக்காவது எண்ணம் இருக்கா?"ன்னு கேட்டாங்க. "சேச்சே"ன்னாங்க எல்லாரும். "பாவம், நல்ல மனுஷன்." "கைராசிக்காரர்." "நேத்துக்கூட என் ஸ்கூட்டர் பூட்டை அவர்தான் திறந்தார்." ஆளாளுக்கு அண்ணனைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க. அண்ணன் எழுந்து எழுந்து கும்பிட்டான்.

"அப்ப மறுப்புன்னு யாராவது முன்மொழிங்க, முடிச்சுடலாம்."

அவ்வளவுதான், ஒருத்தரும் முன்வரல. மறுப்பு போட்டா முன்மொழிஞ்சவர் பேரும் வழிமொழிஞ்சவர் பேரும் காரணத்தோட வெப்சைட்ல ஏறிடும். எப்பவும் நிக்கும். பின் தெருக்காரங்க முந்தின மழையில முழங்கால் தண்ணியில ஒரு பெரியவரைக் கட்டிலோட தூக்கிட்டு வந்த போட்டோவையே மனுவோட வச்சிருந்தாங்க. "நாளைக்கு யாருக்காவது ஒண்ணுன்னா என் பேருதானேங்க நிக்கும்"னு ஒருத்தர் மெதுவாச் சொன்னார். ஸ்கூட்டர் பூட்டுக்காரர் தண்ணி பாட்டிலை எடுத்தவர் வைக்கவே இல்ல, குடிச்சுக்கிட்டே இருந்தார்.

என்னால பொறுக்க முடியல. எழுந்துட்டேன். "இவ்வளவு நேரம் வாய் கிழியப் பாராட்டுனீங்களே, பேரைக் கொடுக்க மட்டும் உசுரு போகுதா?"

"உக்காருங்கம்மா, பார்வையாளர் பேசக் கூடாது"ன்னாங்க தலைவியம்மா. அதட்டல. கெஞ்சுற மாதிரிதான் சொன்னாங்க. அண்ணன் என் கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சான். "நம்ம பக்கம்தான பேசுறாங்க, ஏன் கத்துற?"

வேற இடம் கொடுத்துட்டு எடுக்கலாமேன்னு ஒருத்தர் சொன்னார். எல்லாரும் நல்ல யோசனைன்னு தலையை ஆட்டுனாங்க. இவர்தான் எழுந்து சொல்ல வேண்டியிருந்தது, அதைத் தனிப் பொருளா அடுத்த மாசம்தான் வைக்க முடியும், இன்னிக்கு சிஸ்டம் எடுக்காதுன்னு. "குறிப்புன்னு ஒரு இடம் இருக்கே, அதுல எழுதிடுங்க"ன்னாங்க. எழுதினார். பேனா பிடிச்ச காலத்து அழகோட, ஒத்தை விரலால தட்டித் தட்டி எழுதினார், 'மாற்று இடம் வழங்கும் வரை கடையை அகற்ற வேண்டாம் என்பது மன்றத்தின் ஒருமித்த எண்ணம்.'

மிச்சம் இருந்தது ஒரே பட்டன், 'கூட்டம் நிறைவு'. அதை கிளார்க்தான் அழுத்தணும். அழுத்துனா எல்லா ஆர்டரும் போகும், கடையை எடுக்கச் சொல்றதும் சேர்ந்து. அழுத்தலன்னா ஒண்ணும் போகாது. அன்னிக்குப் பாஸான பொருள்ல பள்ளத்தெரு தண்ணி பம்பும் ஒண்ணு. பம்பு எரிஞ்சுபோய் அங்க பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையுறாங்க. "பம்பு ஆர்டர் இன்னிக்கே போகணுமே, முடிச்சுடுங்க"ன்னு தலைவியம்மா சொன்னாங்க. அப்பவும் அவங்க இவர் முகத்தைப் பார்க்கல.

இவர் திரும்பி எங்களைப் பார்த்தார். கை பட்டனுக்கு மேல நிக்குது, இறங்க மாட்டேங்குது. அண்ணனுக்கு அந்த டிவியில என்ன ஓடுதுன்னு ஒரு எழவும் புரியல. எப்பவும் போல நடக்குதுன்னு நினைச்சுக்கிட்டு, "முடிங்க மாப்ள, முடிங்க"ன்னு கையைக் காட்டினான். இவர் அழுத்திட்டார்.

அன்னிக்கே கம்பெனிப் பொண்ணுக்குப் போன் போட்டார். "ஆர்டர் போயிடுச்சே சார், திரும்ப எடுக்க வழி இல்ல"ன்னு அவளும் வருத்தப்பட்டா. இன்ஜினியர், "நான் எழுதினது வழக்கமா எழுதுறதுதான், நீங்க வழக்கம் போல ஒத்திவைப்பீங்கன்னு நினைச்சேன்"ன்னார்.

கடையை எடுக்க லாரி வந்த அன்னிக்கு, மன்றத்து மேஸ்திரி முதல்ல அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டார். இவர் ஓடிப்போய், "குறிப்பைப் பாருங்க, வேற இடம் கொடுக்கிற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கேன்"ன்னார். மேஸ்திரி போனை நீட்டினார். "குறிப்பெல்லாம் எங்களுக்கு வராதுங்க. ஆர்டர் மட்டும்தான் வரும்." பார்த்தா அப்படித்தான் இருந்தது. இவர் அந்தப் போனை மேலயும் கீழயும் தள்ளித் தள்ளித் தேடினார். ஊரே நின்னு வேடிக்கை பார்த்தது, ஊரே உச்சுக் கொட்டுச்சு. கயிறு கட்டிக் கடையை அப்படியே தூக்கினாங்க, உள்ள சாவிக் கொத்தெல்லாம் ஆடுற சத்தம் கேட்டுது.

மன்றத்துக் கிடங்குக்குக் கொண்டு போனா அங்க கேட் பூட்டு துருப்பிடிச்சுத் திறக்கல. மேஸ்திரி தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, கூடவே போயிருந்த அண்ணனைப் பார்த்தார். பாவி மனுஷன், மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே! அண்ணன் பைக்குள்ளேர்ந்து கம்பியை எடுத்துத் திறந்துகொடுத்து, எண்ணெய் வேற விட்டான். "இனிமே மக்கர் பண்ணாது"ன்னான். அவன் கடையை உள்ள வச்சு அதே பூட்டைப் போட்டாங்க.

வீட்டுக்கு வந்து அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "மாப்ள, எனக்கு எதிரா பேசினது யாரு?"

"யாருமே பேசல மச்சான்."

"அப்ப எடுக்கணும்னு சொன்னது யாரு?"

இவர் சோத்துத் தட்டைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தார். 'அப்புறம்'னுகூட வரல வாயில. நான் திட்டலாம்னு வாயைத் திறந்தேன். யாரைத் திட்டுறதுன்னு எனக்கே தெரியல.

சாக்கடையையும் சும்மா சொல்லக் கூடாது. தூர்வாரினாங்க. அடுத்த மழைக்குப் பின் தெருவுல தண்ணி ஏறல. அண்ணன் எங்க வீட்டு வாசப்படியில பையை விரிச்சு உக்காந்தான். எங்க தெரு முட்டுச்சந்து, யாரு வருவா? பக்கத்து வீட்டுக்காரங்க பரிதாபப்பட்டு நல்லா இருக்கிற பூட்டையே கொண்டுவந்து கொடுத்தாங்க.

அடுத்த மாசம் 'சாவிக் கடைக்கு மாற்று இடம்'னு இவர் முதல் பொருளா வச்சார். ராத்திரியெல்லாம் தூங்காம அதுக்குக் குறிப்பு எழுதினார். இந்தத் தடவ நான் போகல. நடந்ததை இவர்தான் சொன்னார். மார்க்கெட் வாசல்னு ஒருத்தர் சொன்னாராம், அங்க ஏற்கனவே நெரிசல்னு அந்தப் பகுதி உறுப்பினர் சொன்னாராம். பஸ் ஸ்டாண்டுன்னாங்களாம், அங்க வேற ஆள் கேட்டு வச்சிருக்காங்களாம். எல்லாரும் அண்ணனைப் பாராட்டினாங்களாம். அப்புறம் தலைவியம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்களாம். புதுப் பொருள் இல்லையா, ஒத்திவைப்பு பட்டன் பச்சையா எரிஞ்சுதாம். எல்லா விரலும் டக்கு டக்குன்னு அதுலதான் போய் விழுந்துச்சாம்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் அண்ணன் படியிலேர்ந்து எழுந்தான். நான் உள்ளேர்ந்து வந்தேன். இவர் வண்டியை விட்டு இறங்கல.

"என்ன மாப்ள ஆச்சு?"

"ஒத்திவச்சாச்சு மச்சான்."

"அப்பாடா"ன்னான் அண்ணன். முகமெல்லாம் சிரிப்பு. கையிலிருந்த அரத்தைக் கீழ வச்சுட்டு என் பக்கம் திரும்பி, "ரெண்டு டீ போடும்மா"ன்னான்.

நான் போய் அடுப்பைப் பத்த வச்சேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க என்னை?