மாப்பிள்ளையிடம் பேசிய விலை

இராமநாதபுரத்தில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஒரு பத்திர எழுத்தரிடம் பதினோரு வருடம் டைப் அடித்தேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று ஊர் நிலமெல்லாம் என் பத்து விரல் வழியாகத்தான் கைமாறியது. எனக்கென்று அரை செண்டு கிடையாது. ஒரு நாள் ஃபேன் காற்றில் பறந்த தாளைப் பிடிக்கப் போய் டீயைப் புடவையில் கொட்டிக்கொண்டேன். பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று இன்றைக்கும் தெரியாது. "இனிமே நான் அடிக்கிறதா இல்ல. வீடு வாங்கி விக்கப் போறேன்" என்று எழுந்தேன். முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கூடக் கழற்றவில்லை.

"போயிட்டு வாம்மா. ஆடி பிறக்கவும் வந்துருவ. நாற்காலிய யாருக்கும் குடுக்காம வைக்கிறேன்."

அந்த நாற்காலிதான் என்னை ஓட வைத்தது. ஆடிக்குள் ஒரு வீட்டையாவது கிரயம் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மனுஷன் முகத்தில் முழித்துக்கொண்டு அதிலேயே போய் உட்கார வேண்டும். அதற்குச் சேது சமுத்திரத்தில் குதிக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. எனக்கு நீச்சல் வேறு தெரியாது.

யூடியூபில் ஒருவர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சொன்னார்: விற்க அவசரப்படுகிறவரைக் கண்டுபிடி, பாதி வேலை முடிந்தது. சரியென்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இராமேஸ்வரம் போனேன். அங்கே அவசரத்தில் இருந்தவர்கள் ரயிலைப் பிடிக்க ஓடிய யாத்திரைக்காரர்கள் மட்டும்தான். ஒருவர் தன் இரண்டு செண்டைக் காட்ட என்னை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேலே ஏறச் சொன்னார். "இங்கன இருந்து பாத்தா கோபுரம் தெரியுதுல்ல? அதுக்குத்தான் இந்த விலை." இறங்கும்போது செருப்பு அறுந்தது.

என் வீட்டுக்காரர் டவுன் பஸ் கண்டக்டர். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த ஜில்லாவுலயே அவசரத்துல இருக்கிறது நீ ஒருத்திதான்" என்றார். அன்றைக்கு அவருக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை.

பிறகு எனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டேன். பெரிய வீடாக இருக்க வேண்டும். துணி காயும் கொடியில் இரண்டே பேர் துணிதான் தொங்க வேண்டும். அப்படியென்றால் பிள்ளைகள் வெளியூர், பெருக்க ஆளில்லை, விற்கும் யோசனை எப்படியும் வந்திருக்கும். ஆனி முதல் வாரம் பெரியபட்டினத்தில் அப்படி ஒரு கொடியைப் பார்த்தேன். இரண்டு கைலி, ஒரு புடவை.

மீன் கூடையோடு வந்தவரிடம் யார் வீடு என்று கேட்டேன்.

"அந்தா, சேர்ல உக்காந்திருக்காகள்ல, அவுகதான் மாப்பிள்ளை. அவுகள்ட்ட கேளுங்க."

வெள்ளைத் தாடி, எழுபது வயது. இவரா மாப்பிள்ளை? நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் சேர்ந்து டீ குடிக்கிறவனெல்லாம் 'மாப்ள'தான். ஊருக்கே செல்லமான மனிதர் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"விக்கணும்மா" என்றார் எடுத்த எடுப்பில். "பயலுக ரெண்டு பேரும் சென்னையில. நாங்க ரெண்டு பேரு இம்புட்டுப் பெரிய வீட்டுல என்ன செய்ய?"

எனக்குக் காது குளிர்ந்தது. மூன்று வாரம் நடையாய் நடந்தேன். போகும்போதெல்லாம் திரைக்குப் பின்னாலிருந்து வளையல் போட்ட ஒரு கை டீயும் தொதல் அல்வாவும் நீட்டும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பட்டா எந்தக் காலத்துப் பெயரிலோ கிடந்தது. இந்தப் பக்கம் பாதி வீடு அப்படித்தான். மூலப் பத்திரம் எங்கே என்றால், "பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு, ஒரு நா எடுத்துத் தாரேன்" என்பார். மற்றவர்களுக்கு அடிக்கும்போது மூலப் பத்திரம் இல்லாமல் ஒரு வரி அடிக்காதவள், என் சொந்தக் காரியத்தில் அசடாகத் தலையாட்டினேன்.

விலை பேசுவதோ அதைவிட அதிசயம். நான் ஒரு குறை சொன்னால் அவர் இரண்டு எடுத்துக் கொடுத்தார். "இங்கன பாருங்க, சுவத்துல ஓதம் ஏறியிருக்கு. மாடிப்படி வேற செங்குத்து." விலை மளமளவென்று இறங்கியது. தன் வீட்டைத் தானே மட்டம் தட்டுகிறவர் உண்டா என்று எனக்கு உறைக்கவே இல்லை. விலையும் முடிந்தது. அட்வான்ஸ் கவரை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. திரையைப் பார்த்தார். அன்றைக்கு டீயும் வரவில்லை.

"அத வீட்டுக்காரவுகள்ட்ட குடுங்க" என்றார் மெதுவாக.

"நீங்கதான பாய் வீட்டுக்காரரு?"

திரை விலகியது. தலையில் முக்காட்டோடு ஒரு அம்மா வந்து நின்றார். அவருடைய மனைவி.

"மூணு வாரமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இவுகளுக்கு ஒரு வீடு இருந்தா இவுக விக்கட்டும், எனக்கென்ன? இது என் வீடு. எங்க உம்மா எனக்கு நிக்காஹ்ல குடுத்தது. இவுக ஒரு டிரங்குப் பெட்டியோட வந்த மாப்பிள்ளை."

அப்போதுதான் விளங்கியது. அவர்கள் குடும்பத்தில் வீடு பெண்ணுக்கு; ஆண் கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்து சேருகிறவன். எழுபது வயதானாலும் அந்தத் தெருவுக்கு அவர் மாப்பிள்ளைதான். மீன்காரர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கையெழுத்து யாருடையது என்பதையே சொல்லியிருக்கிறார்.

"ஏன் பாய், மூணு வாரமா இத ஏன் சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

"நீங்க கேக்கலையேம்மா. விலை கேட்டிய, சொன்னேன்."

"பேச்சுத் துணைக்கு ஆள் கிடைச்சா விடுவாகளா?" என்றார் அந்த அம்மா.

ஆடிக்கு இன்னும் எட்டே நாள். அந்த நாற்காலி கண் முன்னே வந்து நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

"அட, விக்க மாட்டேன்னு யாரு சொன்னா?" என்று அந்த அம்மா எதிரில் உட்கார்ந்தார். "மகன்க கூட இருக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா ஓதம்னு சொல்லி விலைய இறக்குனியளே, கடக்கரையில ஓதம் இல்லாம வீடு எங்க இருக்கு?" பத்தே நிமிடம். மூன்று வாரம் நான் இறக்கியதில் பாதியை ஏற்றிவிட்டார். பாய் விட்டத்தைப் பார்த்தார். எனக்கும் கட்டுப்படியாகத்தான் இருந்தது. சரி என்றேன்.

"பத்திரம் யாரு பேருல?"

"எங்க வீட்டுக்காரர் பேருல" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. எங்கள் பக்கம் அப்படித்தான்.

கவரை என் பக்கமே தள்ளினார். "அப்ப வேணாம்."

"ஏம்மா?"

"எங்க உம்மா கையிலேருந்து என் கைக்கு வந்தது. எனக்குப் பொம்பளப் புள்ள இல்ல. ஒரு ஆம்பளைக்கு இத எழுதிக் குடுக்க எனக்குக் கை வராது. உங்க பேருல வாங்குறதுன்னா வாங்குங்க."

பொய் சொல்ல மனம் வரவில்லை. "நான் வச்சுக்கிற மாட்டேன்மா. பழுது பாத்து வித்துருவேன்" என்றேன்.

"வித்துக்கிடுங்க. வித்தது ஒரு பொம்பளன்னு பத்திரத்துல இருக்கும்ல?"

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே விஷயத்தைச் சொன்னேன். "உன் பேருல எழுத வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்? நீதான் கேக்கவே இல்ல. ரைட் ரைட்!" என்றார். ரைட் எனக்கா பஸ்ஸுக்கா என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார். அவர் சொன்னதும் சரிதான். நான் கேட்கவே இல்லை.

ஆடிக்கு இரண்டு நாள் முன்பு பழைய முதலாளியின் கடைக்குள் நுழைந்தேன். முதலாளி எழுந்து நாற்காலியைத் துடைத்துவிட்டார். "சொன்னேன்ல?"

"உக்காரத்தான் வந்தேன். ஒரே ஒரு பத்திரத்துக்கு" என்றேன்.

மூலப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே அடித்தேன். எழுதிக் கொடுப்பவர், அந்த அம்மா. சாட்சிகள், அவருடைய மாப்பிள்ளையும் என் வீட்டுக்காரரும். இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பன்னைப் பிய்த்துத் தின்றபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி சரிபார்க்கத் தாளை வாங்கினார். பதினோரு வருடத்தில் என் டைப்பில் அவர் பிழை கண்டுபிடித்ததில்லை. முதல் பக்கத்திலேயே விரல் நின்றது.

"என்னம்மா இது, எழுதி வாங்குபவர்னு போட்டு உன் பேரையே தப்பா அடிச்சிருக்க?"

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஆயிரம் பேர் பெயரை அடித்த விரலுக்கு அந்த இடத்தில் என் பெயரை அடித்துப் பழக்கமில்லை.