எட்டு வயது தாண்டிய வண்டி

மாசீ ஊர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆய்வகத்தை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டவர் முசெம்பி. அளக்காமல் ஒரு துளி ஊற்றமாட்டார். அவர் மனைவி கலோண்டுவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போன பிறகு, செவ்வாயும் வெள்ளியும் மச்சாகோஸ் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. ஒரே மகள் மூமோ எங்கோ வடக்கே கல்லூரியில் இருந்தாள். கூட்டிப் போக அவர் ஒருவர்தான்.

போவதில் சிரமமில்லை. விடியற்காலை மட்டாட்டு வேனில் ஏறிவிடலாம். திரும்புவதுதான் பாடு. நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப்போட்டது போலக் கிடந்து எழுந்தவள், பதினாலு பேர் சேரும்வரை அந்த வெயிலில் வேனுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"பெரியவரே, அம்மாவ ஓரமா நகரச் சொல்லுங்க. இன்னும் ஒரு ஆளு ஏறணும்" என்பான் நடத்துநர் பையன்.

"அவங்களுக்கு உடம்பு சரியில்லப்பா."

"இங்க யாருக்குத்தான் சரியா இருக்கு? எனக்குப் பசி வியாதி."

வேனே சிரிக்கும். கலோண்டுவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் முசெம்பியால் தாங்க முடியாது.

ஆகஸ்டில் ஒருநாள் வேனிலேயே மயங்கி விழுந்தாள். அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் அவளுக்கு வண்டி வாங்க ஊர்கூடிப் பணம் திரட்டும் ஹராம்பே வைத்தார்கள். தேங்காய் விற்பவர்கூட எழுந்து வந்து தட்டில் போட்டார். வசூலும் முசெம்பியின் சேமிப்பும் சேர்ந்து பதினோரு லட்சம் ஷில்லிங் தேறியது.

கலோண்டுவின் அண்ணன் முலாட்டியா அவரை நைரோபிக்கு, ங்கோங் சாலைக்கு இழுத்துப் போனார். சாலை நெடுக ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளை அடுக்கி வைத்து விற்கும் வளாகங்கள். ஒரு வெள்ளை புரோபாக்ஸ் கார், இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருஷத்தது. விலை பதினோரு லட்சம்.

"இன்னைக்குக் காசக் குடு, இன்னைக்கே ஓட்டிட்டுப் போ. வேற என்ன வேணும் மாப்ளே?" என்றார் முலாட்டியா.

முசெம்பி குனிந்து மீட்டரைப் பார்த்தார். நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர் என்றது. பிரேக் மிதியின் ரப்பர் பாதி தேய்ந்திருந்தது.

"மச்சான், இந்த மிதி நாப்பதாயிரம் ஓட்டின மிதி இல்ல. மீட்டரத் திருப்பியிருக்கான்."

"திருப்பட்டுமே! உன் பொண்டாட்டி மீட்டர்லயா உக்காரப் போறா?"

அதே வருஷத்து வண்டியை ஜப்பானிலிருந்து நேராக வரவழைத்தால், வரி, கப்பல் எல்லாம் சேர்த்து எட்டு லட்சத்துக்குள் முடிந்துவிடும். மிச்சம் மூன்று லட்சம். கலோண்டுவின் தங்கை வாயுவா தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்தாள். இந்தியாவுக்குப் போய் மாற்றிக்கொள்ள அந்த மூன்று லட்சம் முதல் படி. முசெம்பி கஞ்சனல்ல. அவள் எப்போதைக்குமாக இயந்திரத்திலிருந்து எழுந்து வரவேண்டும் என்று கணக்குப் போட்டவர்.

அக்டோபர் பிறந்ததும் பதினைந்தாம் வருஷத்து வண்டிகளின் விலை வாரத்துக்கு வாரம் இறங்கியது. தன் அதிர்ஷ்டம் என்று நினைத்தார். ஏன் இறங்குகிறது என்பது நாட்டில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எட்டு வயதைத் தாண்டிய வண்டி இந்த நாட்டுக்குள் நுழையக்கூடாது. வருஷம் புரண்டால் வண்டிக்கும் ஒரு வயது கூடிவிடும். பதினைந்தாம் வருஷத்து வண்டி டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் மொம்பாசாவில் இறங்கியாக வேண்டும். கப்பலுக்கு ஐந்து வாரம். நவம்பர் பத்தாம் தேதி கிளம்பினால் இரண்டு வாரம் கையிருப்பு. இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை அனுப்பினார்.

கப்பல் நவம்பர் இருபத்திரண்டில்தான் கிளம்பியது. சிங்கப்பூரில் சரக்கை வேறு கப்பலுக்கு மாற்றினார்கள். பிறகு நடுக்கடலில் புயல். முசெம்பி கைப்பேசியில் கப்பலின் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது நகரவில்லை என்று அவருக்குத் தோன்றும்போதெல்லாம் கலோண்டு, "பாத்துட்டே இருந்தா பால் பொங்காது, மூமோ அப்பா" என்பாள்.

டிசம்பர் முப்பது, வெள்ளிக்கிழமை. துறைமுகத்தில் யாரையாவது பார்த்துப் பேசலாம் என்று மொம்பாசாவுக்குக் கிளம்பினார். அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஆளில்லை. "ஒரு வெள்ளிக்கிழமைதான? செவ்வாய் சேத்துப் பாத்துக்கலாம். போயிட்டு வண்டியோட வாங்க" என்றாள்.

கப்பல் ஜனவரி இரண்டாம் தேதி வந்தது. சுங்க வேலை பார்த்துக் கொடுக்கும் ஏஜெண்ட், நல்ல மனுஷன், காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

"ரெண்டு நாளுய்யா" என்றார் முசெம்பி. "ரெண்டே நாளு."

"ரெண்டு நிமிஷம்னாலும் இதுதான் பெரியவரே. திருப்பி அனுப்பணும், இல்லன்னா உடைக்கணும். திருப்பி அனுப்புற செலவுல இன்னொன்னு வாங்கலாம்."

கம்பி வேலிக்கு அப்பால் வண்டி நின்றது. வெள்ளை புரோபாக்ஸ்தான். கண்ணாடியில் ஜப்பானிய எழுத்தில் ஏதோ காகிதம் ஒட்டியிருந்தது. மீட்டரைத் திருப்பாத, கண்ணுக்குக் குறையில்லாத வண்டி.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபோது கலோண்டு கால்கள் வீங்கிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. "அந்த மூணு லட்சம் இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டாள். இருந்தது. ஆனால் அதற்கு வண்டியும் வராது, இந்தியாவும் வராது. அதை வாடகைக் காருக்குக் கொடுத்தார்கள். பிப்ரவரியில் பணம் கரைவதைப் பார்த்து அவளே கண்டிப்பாகச் சொன்னாள், "வாரத்துக்கு ஒரு தடவ போதும். எனக்கு நல்லாத்தான் இருக்கு." அவர் வற்புறுத்தினார். போதிய அளவு வற்புறுத்தவில்லை என்று பிற்பாடு நினைத்தார்.

மார்ச் முதல் வாரம் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. அன்று புதன்கிழமை, அவள் முறைக்கு இன்னும் இரண்டு நாள்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. நைரோபியிலிருந்து, கித்துயியிலிருந்து, முலாட்டியாவின் தொழில் நண்பர்கள், முசெம்பியின் பழைய மாணவர்கள். எல்லாரும் வண்டியில் வந்தார்கள். வேலி வரை நிறைந்துவிட்டது.

முலாட்டியா வந்து தோளைத் தொட்டார். "மாப்ளே, பாஸ்டர் வண்டிக்கு எடமில்ல. அந்தத் துவரையக் கொஞ்சம் வெட்டிடலாமா?"

கலோண்டு அக்டோபர் மழைக்கு ஊன்றிய துவரை. காய் பிடித்து நின்றது. ஆளைக் கூப்பிடவில்லை முசெம்பி. அரிவாளை எடுத்துத் தானே நாலு வரிசை வெட்டினார். வண்டிகள் வெட்டிய அடித்தாள்களின் மேல் ஏறி நின்றன.

மாலையில் சாப்பாடு முடிந்து ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கதவுகள் சாத்தும் சத்தம். யாரோ ஒரு இளைஞன் கண்ணாடியை இறக்கிக் கூவினான்.

"மச்சாகோஸ் பக்கம் யாராச்சும் வர்றீங்களா? பின்னால மூணு சீட்டு சும்மா இருக்கு!"

முசெம்பி வெட்டிய துவரையைக் கட்டிக்கொண்டிருந்தார்.