யானைக்கல் முன்னால் கேட்ட ‘ம்’

“காத்து சத்தமா இருக்கும் லா. யூனிவர்சிட்டி போனவ, நீயே இப்படிப் பேசுனா எப்படி?”

ஒலிப்பதிவை முதல்முறை கேட்டதும் என்னோடு வேலை செய்யும் மலர் சொன்னது இது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிப்பவள் நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், அதில் எனக்குக் கர்வம் உண்டு. நீங்களும் நம்ப வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சிங்கப்பூரில், தேக்கா பக்கம் ஒரு திடலோரம், சாலையை ஒட்டி, இடுப்பளவு கல் ஒன்று இருக்கிறது. மேலே சின்னதாக ஒரு யானை உருவம். முன்பு அந்தத் திடலில் சர்க்கஸ் போட்டபோது, ஊரே பார்க்க வந்த ராணி என்ற யானை அங்கேயே நோயில் விழுந்து செத்தது. அதற்காக மக்கள் வைத்த கல். அந்தச் சாலையைப் பெருக்குவது என் அப்பாவின் வேலை. சிறுவயதில் ராணியைப் பார்த்தவர். பசியாறக் கொண்டுபோகும் வாழைப்பழத்தில் ஒன்றைத் தினமும் கல்மேல் வைப்பார், அப்புறம் அவரே அதைக் கூட்டி எடுப்பார்.

நான் பாலிடெக்னிக்கில் படித்தபோது ஒருநாள் தோழிகளோடு அந்த வழியாகப் போனேன்.

“பாப்பா, இதுல என்னம்மா எழுதியிருக்கு? அது சாகுறப்போ பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களான்னு போட்டிருக்கா?” என்று அப்பா கேட்டார். அவர் சீருடையில், கையில் துடைப்பம்.

“அப்புறம் வாசிக்கிறேன்ப்பா” என்று நடந்துவிட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

போன வருஷம் மருத்துவமனையில் அப்பா இறந்தபோது நான் ஜூரோங்கில், இந்த வேலைக்கான நேர்முகத் தேர்வில் இருந்தேன். “போய்ட்டு வாம்மா, நான் எங்க போயிடப் போறேன்” என்று அவர்தான் அனுப்பினார். கைப்பேசியைச் சத்தமில்லாமல் வைத்துப் பையில் போட்டிருந்தேன்.

சாலை வேலை தொடங்குமுன் அங்கே இருப்பதையெல்லாம் அளந்து குறித்துக்கொள்வது என் வேலை. இந்த மாதம் வந்த பட்டியலில் யானைக்கல் இருந்தது. சாலையை அகலப்படுத்துவதால் அதைப் பெயர்த்துக் கிடங்கில் வைக்கப்போகிறார்கள்.

போனது மதியம் பன்னிரண்டு மணிக்கு, நல்ல வெயில். எழுத்துகள் தேய்ந்துபோய்ப் படத்தில் விழவில்லை. அப்படியானால் விரலால் தடவிச் சத்தமாக வாசித்து, கைப்பேசியில் பதிவு செய்வது எங்கள் வழக்கம். ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்து முடித்தேன். ஏனென்று எனக்கே தெரியாது, பதிவை நிறுத்தாமல் ஒவ்வொரு வரியாகத் தமிழிலும் சொன்னேன். பக்கத்தில் ஆளில்லை. தூங்குமூஞ்சி மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

அலுவலகத்தில் போட்டுக் கேட்டேன். ஆங்கிலப் பகுதியில் என் குரல் மட்டும். தமிழில், “இந்த இடத்தில் ராணி படுத்தது” என்கிறேன். “ம்” என்று ஓர் ஆண் குரல். “பதினொரு நாள் எழுந்திருக்கவில்லை.” “ம்.” சாப்பிடும்போது நான் பள்ளிக்கூடக் கதைகளைச் சொல்லச் சொல்ல, தட்டைப் பார்த்தபடியே அப்பா கொட்டும் அதே ‘ம்’, லேசான செருமலோடு.

கடைசி வரி: “பாகன் அதன் தலைமாட்டிலேயே இருந்தான், உயிர் போகும்வரை எழுந்து போகவில்லை.”

அதற்கு ‘ம்’ வரவில்லை. அன்று நான் கல்மேல் கைவைத்துச் சும்மா நின்றிருந்தேன், அந்த அமைதி மட்டும் ஓடுகிறது. பதிவு முடியும் இடத்தில் ஒன்று வருகிறது. “ம்?” மேலே சொல் என்பதுபோல.

இரண்டாம் முறை கேட்டுவிட்டு மலர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். “யாருடி அது?” என்றாள்.

எனக்குப் பயமில்லை. ஆனால் அந்தக் கடைசி ‘ம்?’ இன்றும் என்னை விடவில்லை. கல்லில் அதற்குமேல் எழுத்தே இல்லை. மீதி என்னிடம்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை காலை கல்லை லாரியில் ஏற்றுகிறார்கள். கிடங்கு செம்பவாங் பக்கம், முக்கால் மணி நேரப் பயணம். அளந்ததோடு என் வேலை முடிந்தது, நான் போக வேண்டிய அவசியமில்லை. பின்னால் கல்லோடு உட்கார்ந்து போகும் ஆட்களின் பட்டியலில் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.