குகனின் வேனும் கொதித்த சட்டியும்

நேற்று மார்க்கம் வீதிச் சிக்னலில் நின்ற ஒரு பழைய லொறியின் அடியிலிருந்து இனிப்பாய் ஒரு மணம் வந்தது, சீனிப்பாகு அடிப்பிடித்ததுபோல. மற்றவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு போனார்கள். நான் மட்டும் நின்று நன்றாக இழுத்தேன். எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ற் கசிகிறது என்று மூளை சொல்வதற்குள், இன்னொரு கிழட்டு டீசல் வேன் வேண்டும் என்று மனம் முடிவெடுத்துவிட்டது.

பழியெல்லாம் குகனின் வேனுக்குத்தான். மல்வேர்ன் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன் குகன். நான் கணினி வேலைக்குப் போக, அவன் கலியாண மணவறை வாடகைக்கு விடத் தொடங்கினான். தூண்கள், வளைவு, பொன்னிறக் கதிரைகள், இரண்டு ஃபைபர் யானைகள். அதையெல்லாம் ஏற்ற ஒரு டீசல் வேன். எங்கள் இருவரையும்விட அதற்கு வயது கூட.

முதல் கலியாணம் பிக்கரிங்கில். அதற்கு நாலு கிழமை இருக்கும்போது வேன் சூடாகத் தொடங்கியது. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைப் போய் முட்டியது.

“கராஜிலை விடுவம்,” என்றான் குகன்.

“விசரே உனக்கு? நாலு வீடியோ பாத்திட்டன். நான் செய்யிறன்.”

அப்போது எனக்குத் தெரியாதது என்று உலகில் எதுவும் இருக்கவில்லை. முதலில் தேர்மோஸ்ராற்றை மாற்றினேன். சூடானதும் திறந்து தண்ணீரை ஓடவிடும் சின்ன வால்வுதான் அது. கழற்றிய பழையதைச் சோதிக்க அம்மாவின் பால் சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்தேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

“என்னடா அவியுது?”

“தேர்மோஸ்ராற், அம்மா.”

“உப்புப் போட்டனியோ?”

பழையது சட்டிக்குள் அழகாகத் திறந்தது. “நல்லா இருந்ததை ஏன்டா கழட்டினனி?” என்று குகன் கேட்டான். பதிலாக ரேடியேற்றர் மூடியை மாற்றினேன். பிறகு பெல்ற், பிறகு கூலன்ற். முள் ஒன்றையும் மதிக்கவில்லை.

கலியாண நாளும் வந்தது. எஞ்சினின் சூட்டில் கொஞ்சமாவது எங்கள் பக்கம் வரட்டும் என்று, ஆனி வெயிலில் ஹீற்றரை முழுதாகத் திறந்துவிட்டு ஓடினோம். குகன் பட்டுச்சட்டையோடு அவிந்தான். மெல்லப் போனால் முள் அடங்கியது. வேகம் எடுத்தால் ஏறியது. நியாயமாக, காற்று அடிக்க அடிக்கக் குளிரத்தானே வேண்டும்? கடைசியில் வழியில் இருந்த ஒரு கடைப் பிளாசாவுக்குள் திருப்பி நிறுத்தினோம். குகன் ரேடியேற்றர் மூடியில் கை வைக்கப் போனான்.

“எடடா கையை! கொதிதண்ணி மூஞ்சையிலை அடிக்கும்!”

அவனுடைய ஃபோன் அடித்தது. பெண்ணின் மாமா.

“தம்பி, ஐயர் வந்திட்டார். மணவறை எங்கை?”

“ஓம் அங்கிள், வந்துகொண்டிருக்கிறம்,” என்றான் குகன், நடைபாதை ஓரத்தில் குந்தியிருந்தபடி.

எங்கேயாவது சொட்டுகிறதா என்று பார்க்க வேனுக்கு முன்னால் படுத்தேன். முன்பக்கக் கிறில் கம்பிகளின் இடுக்கில் ஒரு மஞ்சள் மாம்பழம் தெரிந்தது. குகனும் குனிந்தான்.

“உது என்ன மாம்பழம்?”

மாம்பழப் படம் போட்ட பெட்டியின் மட்டை. ரேடியேற்றருக்கு முன்னால், காற்று வரும் வழி முழுக்க.

“ஆர் உதை வச்சது?”

நான் ஒரு நட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாசிக் குளிரில் டீசல் எஞ்சின் சூடேற மறுத்தபோது, குளிர்காற்றை மறைக்க மட்டை கட்டவேண்டும் என்று அரை மணி நேரம் விளக்கம் கொடுத்துக் கட்டியவன் நான்தான். வசந்தம் வந்ததும் கழற்ற வேண்டும் என்று அந்த விளக்கத்தில் இருக்கவில்லை.

குகன் மட்டையைக் கிழித்தெடுத்தான். அதாலேயே என் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். எஞ்சின் ஆறியதும் புறப்பட்டோம். பிக்கரிங் வரை முள் நடுவில் நின்று அசையவில்லை.

“குளத்திலை விழுந்து எழும்பி வாறியளோ?” என்று வியர்வையில் தோய்ந்து நின்ற எங்களைக் கேட்டார் மாமா. பெண் மேடைக்கு வரும்போது ஒரு யானைதான் நின்றது. மற்றதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் குறுக்கே ஓடுவது அவர்களுடைய கலியாண வீடியோவில் இன்றைக்கும் இருக்கிறது.

பனிக்கு வீதியில் தூவும் உப்பில் கறள் பிடித்து அந்த வேன் போய்விட்டது. குகனின் புது வேனில் முள்ளே இல்லை. ஏதாவது பழுதானால் ஒரு லைற் எரியும், அவன் கராஜுக்குப் போவான். என்னைக் கேட்பதில்லை. ஹீற்றரைப் போட்டுக்கொண்டு ஆனி வெயிலில் சண்டை பிடித்துப் போக இப்போது எனக்கு ஆளும் இல்லை.

ரெக்ஸ்டேலில் ஒருவர் பழைய டீசல் வேன் விற்கிறார். விளம்பரத்தில் “கொஞ்சம் சூடாகும்” என்று நேர்மையாக எழுதியிருக்கிறார். நாளைக்குப் பார்க்கப் போகிறேன் என்று குகனுக்கு ஃபோன் பண்ணினேன். இரண்டு தரம் “விசரா” என்றான். பிறகு கேட்டான்:

“சரி, எத்தினை மணிக்கு? கட்டி இழுக்கிற கயிறு நான் கொண்டு வாறன்.”