வின்ச் டிரம்மும் மகளின் டிஸ்க் பிரேக்கும்

1

பிழை தொடங்கியது செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு. அது எனக்குத் தெரியவந்தது புதன்கிழமை காலை ஏழு பத்துக்கு. இடைப்பட்ட அந்தப் பதின்மூன்று மணித்தியாலத்துக்கும் மேல் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்கும் வந்தேன். இப்போது நினைத்தால் அந்த நிம்மதிதான் பயமாக இருக்கிறது.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு வேர்க்‌ஷொப்பில் இருபத்தாறு வருடமாக இயந்திரம் பூட்டும் ஃபிட்டர் வேலை செய்கிறேன். படகுகளின் பம்ப், வால்வ், பாரம் இழுக்கும் வின்ச் எல்லாம் எங்களிடம் வரும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நாங்கள் சொல்லிக் கொடுப்பது, வெறும் இரும்பை எண்ணெய் பூசாமல் விடாதே என்பதுதான். இது உப்புக் காற்று. மினுங்கத் தீட்டிய சாஃப்டை மாலையில் அப்படியே விட்டுப்போனால் காலையில் சிவப்புப் படிந்திருக்கும். ஆகவே எந்த வேலையும் எண்ணெய்ச் சீலையால் ஒரு துடைப்போடுதான் முடியும். "துடைச்சாச்சோ?" என்று எங்கள் ஃபோமன் தவம் அண்ணன் கேட்பார். "ஓம்" என்றால்தான் சாமான் வெளியே போகும்.

இந்த வருடம் எங்களிடம் வேலை பழகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அந்தத் துடைப்பைப் பற்றி நான் சொல்லித்தராத ஒரு பாதி இருக்கிறது.

2

என் மகள் ஆரணிக்குப் பதினேழு வயது. பாடசாலை சைக்கிள் அணியில் ஓடுகிறாள். மாகாணத் தெரிவுக்கு ரேஸ் சைக்கிள் வேண்டும் என்று பொறுப்பாசிரியர் சொன்ன பிறகும் ஆறு மாதம் கடத்தினேன். காசு ஒரு காரணம், பயம் பெரிய காரணம். நிலாவெளி றோட்டில் பஸ் ஓடுகிற ஓட்டம் எனக்குத் தெரியும்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன். "ஒருக்கா விழுந்தாலும் சைக்கிள் திரும்பிக் கடைக்குப் போகும்." அவள் யோசிக்கவே இல்லை. "ஓம் அப்பா."

நசார் நானாவின் சைக்கிள் கடையில் எங்களுக்குக் கட்டுப்படியான மூன்று இருந்தன. முதலாவது ஜப்பானில் பாவித்தது. மூன்றிலும் நல்ல கியர் அதில்தான். ஆனால் ஃபிரேம் பெரிசு. சீட்டை அடிவரை இறக்கியும் அவள் ஹேண்டிலை எட்டிப் பிடிக்கப் படுக்க வேண்டியிருந்தது. "கியரை மாத்தலாம், ஃபிரேமை மாத்த ஏலாது. பிள்ளையின்ட அளவுதான் முதல்" என்று நானாவே அதை ஒதுக்கி வைத்தார். மற்ற இரண்டும் புதியவை, விலையும் கிட்டத்தட்ட ஒன்று. ஒன்று அலுமினிய ஃபிரேம், றிம்மைப் பிடிக்கும் வழக்கமான பிரேக். மற்றது இரும்பு ஃபிரேம், சில்லின் நடுவில் உள்ள தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக், இரண்டு கிலோவாவது பாரம் கூட.

ஆரணி அலுமினியத்தை ஒரு கையால் தூக்கிக் காட்டினாள். "இது போதும் அப்பா. இந்த பிரேக் எனக்குப் பழக்கம்."

"மழைக்கு இது பிடிக்குமோ? அவசரத்துக்கு நிக்குமோ?"

"அண்ணன், ஆக்கள் சைக்கிள் வாங்குறது ஓடுறதுக்கு" என்றார் நானா. "நிக்கிறதுதான் வேணுமெண்டால் ஒரு கேட் வாங்கிப் பூட்டுங்க. அசையாமல் நிக்கும்."

ஆரணி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. டிஸ்க் பிரேக்கையே எடுத்தேன். பிறகு மண்டியிட்டு ஃபிரேமின் ஒவ்வொரு வெல்டையும் பெருவிரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். அதற்குள் நானா மகளுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். "முதல் கிழமை பிரேக் கொஞ்சம் இளக்கமாத்தான் பிடிக்கும், கட்டை பழகோணும்" என்றது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு சொன்னது விழவில்லை. என் கவனம் பெடலுக்குக் கீழே இருந்த வெல்டில் இருந்தது.

3

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவள் இறக்கக்கண்டி வரை ஓடிவிட்டு வந்தாள். சைக்கிள் முழுக்க மணல். நானே கழுவினேன். கழுவி முடிந்ததும் இரண்டு சில்லிலும் அந்த டிஸ்க் தகடுகள் வெறுமையாக மினுங்கின. என் காற்சட்டைப் பொக்கெட்டில் எப்போதும் ஒரு எண்ணெய்ச் சீலை இருக்கும். யோசித்து எடுக்கவில்லை. கை தானாகப் போனது. தகடுகளின் இரண்டு பக்கமும் பூசி, வழிந்ததைப் பெருவிரலால் எடுத்தேன். நல்ல சுத்தமான வேலை.

அடுத்த நாள் அவள் ஐந்தரைக்குப் புறப்பட்டாள். நான் ஏழுக்கு வேலையில் நின்றேன். முதல் நாள் பூட்டிய வின்ச் ஒன்று வெளியே போக இருந்தது.

"துடைச்சாச்சோ?"

"ஓம் அண்ணன். பிரேக் டிரம்மை மட்டும் விட்டனான்."

என் வாயால்தான் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே நேற்றுத் துடைத்த சைக்கிள் தகடுகள் கண்முன் வந்தன. வின்ச்சின் டிரம்மில் ஒரு துளி எண்ணெய் பட்டால் பாரம் பிடிபடாமல் இறங்கும். யாராவது அங்கே சீலையைக் கொண்டுபோனால் நான் ஏசாமல் விட்டதில்லை. அந்த டிரம் எனக்கு பிரேக். சைக்கிளில் இருந்தது எனக்கு வெறும் மினுங்கும் இரும்பு.

"என்ன, முகம் வெளிறுது?" என்றார் தவம் அண்ணன்.

"மகளின்ட பிரேக்குக்கு எண்ணெய் பூசிப்போட்டன்."

அவர் தன் மோட்டார் சைக்கிள் திறப்பை என் கையில் வைத்தார்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை, ஓடும்போது எடுக்க மாட்டாள். எந்தப் பக்கம் போவது? நிலாவெளி றோட்டு சமதரை, அங்கே பிரேக்குக்கு வேலை குறைவு. புதன்கிழமைகளில் அவள் கடைசியாக ஏறி இறங்குவது உவர்மலை. அங்கேதான் பிரேக்கில் பாரம் விழும். அங்கே போனேன்.

இறக்கத்தின் அடியில், கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டின் முன்னால் மணல் குவிந்திருந்தது. நடுவில் ஆழமாக ஒரு சில்லுத் தடம். பக்கத்தில் அவளுடைய நீலத் தண்ணீர்ப் போத்தல்.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்தார். "பொம்பிளைப் பிள்ளை ஒண்டு விழுந்தது தம்பி. எழும்பி நடந்தது. பிறகு ஒரு ஆட்டோவில சைக்கிளையும் ஏத்திக்கொண்டு போட்டுது."

"எங்க அம்மா?"

"அது தெரியாதே."

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இல்லை. வீட்டுக்குப் போனேன். அங்கேயும் இல்லை. மனைவி கேட்டாள், "நீங்கள் ஏன் இந்த நேரத்தில வந்தனீங்கள்?" எடுத்துவந்த போத்தலை நீட்டினேன். இரண்டு பேரும் வாசலில் நின்றோம்.

அங்கே நின்றபோது நினைத்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். கை பழகிய வேலையைத் தலை கவனிப்பதில்லை. சீலையை எடுக்கும் முன் கேளுங்கள்: இந்த இரும்பு வழுக்க வேண்டியதா, பிடிக்க வேண்டியதா? சைக்கிள் வாங்கப்போனாலும் இதே கதைதான். விலை, பாரம், கியர் எல்லாம் பாருங்கள். ஆனால் அதை வீட்டில் யார் பராமரிக்கப் போகிறார், அவருக்கு அது தெரியுமா என்றும் பாருங்கள். நான் கூடுதலாகப் பிடிக்கும் பிரேக்கை வாங்கினேன், அதைப் பற்றி ஒன்றும் தெரியாமல். அலுமினிய றிம் துருப்பிடிக்காது என்று எனக்குத் தெரியும். அதில் சீலையை வைத்திருக்கவே மாட்டேன்.

எட்டரைக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. முன்னால் நசார் நானா இறங்கினார். பின்னால் ஆரணி. முழங்காலில் கட்டு, நாடியில் தோல் உரசல். விழுந்தவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. நான் பார்ப்பதற்கு முன் சைக்கிளைச் சரிபார்க்க நேரே கடைக்குப் போயிருக்கிறாள்.

நான் வாய் திறக்கும் முன் அவள் சொன்னாள், "என்ட பிழைதான் அப்பா. செயினுக்கு எண்ணெய் விடேக்க டிஸ்க்கில பட்டிட்டுது. சைக்கிளில ஒண்டுமில்ல."

நானா என் காற்சட்டைப் பொக்கெட்டைப் பார்த்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த சீலையைப் பார்த்தார்.

"இல்லை மகள்" என்றேன். "பூசினது நான். நேற்றுப் பின்னேரம். ரெண்டு தகட்டுக்கும்."

அவள் என் பொக்கெட்டிலிருந்து சீலையை உருவி எடுத்தாள்.

"நானா அண்டைக்குச் சொன்னவர், டிஸ்க்கைக் கையாலயும் தொடக்கூடாதெண்டு. நீங்கள் கீழ குந்தியிருந்து வெல்டைத் தடவிக்கொண்டிருந்தனீங்கள்."

"ஓம்."

"அப்ப பிழை உங்கட. சைக்கிள் கடைக்குத் திரும்பிப் போகாதுதானே?"