பிரேக்கிலிருந்து காற்றை எடுத்த காலை

என் கணவரிடம் ஒரு பழைய ஜப்பான் டர்போ கார் இருந்தது. மலேசியாவின் ஈப்போவிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்தபின் தனக்கென்று ஆசைப்பட்டு அவர் வாங்கிய ஒரே பொருள் அதுதான். அவ்வப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டுவார். அந்த வேகத்தில் திரும்பத் திரும்ப மிதித்தால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அதனால் முந்தின நாளே பிளாக்ஹவுஸ் பே வீட்டு வாசலில் புது எண்ணெய் விட்டுக் காற்றை எடுப்போம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அவர் சக்கரத்தடியில் உட்கார்ந்து, எண்ணெய் வெளியேறும் திருகை ஸ்பேனரால் திறந்து மூடுவார். நான் உள்ளே பெடலை மிதிப்பேன்.

“அமுக்கு... அப்படியே புடிச்சுக்கோ. நான் மூடுற வரைக்கும் விட்றாத லா, காத்து உள்ள போயிரும்.”

“நாளைக்கு நீயும் வாயேன் மா” என்று ஒவ்வொரு முறையும் கூப்பிடுவார். எனக்குத் துணி துவைக்க இருக்கும், கோயில் இருக்கும்.

பிறகு அவருடைய பார்வையின் நடுப்பகுதி மங்கத் தொடங்கியது. எதிரே நிற்பவரின் முகத்தைக்கூட ஓரக்கண்ணால்தான் பார்த்தார். இனி கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு குளிர்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்குள் கிடந்த காரை, விற்றுவிடலாம் என்று அவரேதான் சொன்னார்.

காரை வாங்கிய ஃபிஜிக்கார எலெக்ட்ரிஷியன் பக்கத்து ஏவன்டேலிலிருந்து எடுத்துப்போக வருவதாக இருந்தது. அன்று காலை, “பழைய எண்ணெயோட குடுக்க வேணாம், காத்து எடுத்துருவோம்” என்றார் என் கணவர்.

“உங்களால எப்படிங்க?”

“நீ கீழ உக்காரு. மிதிக்கிறதுக்குக் கண்ணு எதுக்கு?”

ஸ்பேனர் வழுக்கி என் விரல் முட்டி உரிந்தது. “அமுக்குங்க” என்றேன். திருகில் மாட்டியிருந்த, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் வழியே குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. அத்தனை வருடம் மிதித்தும் அதை நான் பார்த்ததேயில்லை.

“என்னா கலரு?”

“பால் ஊத்தாத தேத்தண்ணி மாதிரி.”

“இன்னும் வரட்டும்.”

நாலாவது சக்கரம் முடிந்ததும் பெடலை மிதித்துப் பார்த்து, “கல்லு மாதிரி நிக்குது மா!” என்று கத்தினார். அந்தச் சந்தோஷக் குரலைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. நான் உடனே எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டபோது ஒரே ஒரு ஞாயிறாவது போயிருக்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது.

வந்தவர் நல்ல மனிதர். “அங்கிள், கடைசியா ஒரு ரவுண்டு போலாமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். இவர் சிரித்துக்கொண்டே வேண்டாமென்று தலையாட்டினார்.

வந்தவர் ஓட்டிப்போன கார் தெருமுனையில் நின்று வளைந்து மறைந்தது.

“பிரேக் லைட்டு எரிஞ்சுதா?” என்று இவர் கேட்டார்.

“எரிஞ்சுச்சுங்க. ரெண்டும்.”

சத்தம் முழுக்க அடங்கும்வரை அங்கேயே நின்றார். பிறகு தார்ப்பாயை மடிக்க ஒரு முனையைத் தேடிப் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.